ஜிப்மரில் பிறப்பு, கடலூரில் கல்யாணப் பதிவு: பிரான்சுக்கும் துபாய்க்கும் அட்டெஸ்டேஷன் எங்கே தொடங்குவது?

கெடிலக்கரை எழுதியது:

வணக்கம். நாங்கள் கடலூர் திருப்பாதிரிப்புலியூர். வீட்டில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் வெளிநாடு கிளம்புகிறார்கள்.

அக்கா பிரான்சுக்கு. அத்தான் அங்கே வேலையில் இருக்கிறார், இந்திய பாஸ்போர்ட்தான். அக்கா பிறந்தது ஜிப்மரில், பழைய கையெழுத்துப் பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது. திருமணம் கடலூர் சார்பதிவகத்தில் பதிவானது. பிளஸ் டூ புதுச்சேரி பள்ளி, எம்.எஸ்சி. பாண்டிச்சேரி பல்கலைக்கழகம்.

தம்பி துபாய்க்கு. கடலூர் மாவட்டத்தில் அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரியில் பி.இ. கம்பெனி 'டிகிரி அட்டெஸ்டேஷன்' கேட்கிறது. டிகிரியை லேமினேட் செய்து வைத்திருக்கிறான்.

ஒரு ஏஜென்ட் எல்லாவற்றையும் டெல்லியில் ஒரே வாரத்தில் முடித்துத் தருகிறேன், ஒரே ரேட் என்கிறார். இரண்டு பேருக்கும் அப்போஸ்டில்தானா? கடலூரில் இருக்கிறோம் என்பதால் எல்லாமே சென்னை வழியா, இல்லை புதுச்சேரி போக வேண்டுமா?

---

முத்திரைத்தாள் எழுதியது:

சகோ, உங்கள் வீடு எங்கே இருக்கிறது என்பதை இதில் யாரும் பார்க்க மாட்டார்கள். காகிதத்தில் கையெழுத்துப் போட்டது எந்த அலுவலகம், அதை எந்த நாட்டில் காட்டப் போகிறீர்கள், இந்த இரண்டும்தான் வழியைத் தீர்மானிக்கும். கடலூர்க்காரர்களுக்கு இது குழப்பமாக இருப்பதற்குக் காரணம், ஆஸ்பத்திரிக்கும் காலேஜுக்கும் பாதிப் பேர் எல்லை தாண்டிப் போகிறோம். ஒரே ஆள் கையில் தமிழ்நாட்டுக் காகிதமும் புதுச்சேரிக் காகிதமும் கலந்திருக்கும்.

முதலில் நாடு. அப்போஸ்டில் என்பது ஆவணத்தில் ஒட்டப்படும் அத்தாட்சி ஸ்டிக்கர், 1961 அக்டோபர் 5 தேதியிட்ட ஹேக் ஒப்பந்தப்படி வருவது. இந்தியாவுக்கு அது 2005 ஜூலை 14 முதல் நடைமுறையில் இருக்கிறது. பிரான்ஸ் உறுப்பு நாடு, ஆகவே அக்காவுக்கு அப்போஸ்டில் போதும், அதற்கு மேல் தூதரக முத்திரை தேவையில்லை. ஐக்கிய அரபு அமீரகம் உறுப்பு நாடு இல்லை. தம்பிக்கு வெளியுறவு அமைச்சகத்தின் சாதாரண அட்டெஸ்டேஷன், அதன்மேல் அமீரகத் தூதரகத்தின் முத்திரை, துபாய் போனதும் அங்குள்ள வெளியுறவு அமைச்சக முத்திரை என்று வரிசை நீளும். தம்பியின் டிகிரிக்கு அப்போஸ்டில் ஒட்டி வாங்கிவிட்டால் அது துபாயில் செல்லாது, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். விண்ணப்பத்தில் நாட்டின் பெயரை எழுதும் கட்டம் இருக்கிறதே, அதை வைத்துத்தான் எது என்று முடிவாகும். ஏஜென்சி ஆளிடம் பூர்த்தி செய்யச் சொல்லாமல் நீங்களே எழுதுங்கள்.

அடுத்து கையெழுத்து. இந்த வேலை முழுக்க ஒரு சங்கிலி. மேலே இருக்கும் அலுவலகம் கீழே இருப்பவரின் கையெழுத்தையும் முத்திரையையும் தன்னிடமுள்ள மாதிரியோடு ஒப்பிட்டு 'இது அவருடையதுதான்' என்று சொல்கிறது, அவ்வளவுதான். உள்ளே எழுதியிருப்பது உண்மையா என்று அப்போஸ்டில் சொல்வதே இல்லை. நகராட்சிப் பதிவாளர் கையெழுத்தோ கடலூர் சார்பதிவாளர் கையெழுத்தோ வெளியுறவு அமைச்சகத்துக்குத் தெரியாது. அதனால்தான் நடுவில் மாநில அரசு வருகிறது. பழைய சான்றிதழ் மாட்டிக்கொள்வதும் இங்கேதான். கையெழுத்துப் போட்டவர் எப்போதோ ஓய்வு பெற்றிருப்பார், மாதிரிக் கோப்பில் அவர் இருக்க மாட்டார். அக்காவின் பழைய கையெழுத்துச் சான்றிதழைத் தூக்கிக்கொண்டு அலையாதீர்கள். புதிதாக ஒன்று எடுங்கள், இப்போது பதவியில் இருப்பவர் பேனாவால் போட்ட கையெழுத்தும் அலுவலக முத்திரையும் இருக்கட்டும். ஆன்லைனில் இறக்கிய நகலை மட்டும் நீட்டினால் சில மேசைகளில் 'பதிவாளரிடம் கையெழுத்து வாங்கி வா' என்று திருப்பிவிடுவார்கள்.

கடைசிப் படி வெளியுறவு அமைச்சகம். 2012 ஜூலையிலிருந்து பொதுமக்கள் நேரில் கொடுக்க முடியாது, அமைச்சகம் அங்கீகரித்த ஏஜென்சி மையத்தில்தான் கொடுக்க வேண்டும். 2019 முதல் இந்த வேலை பல ஊர்களுக்குப் பிரிக்கப்பட்டு சென்னையிலும் நடக்கிறது. டெல்லி போக வேண்டிய அவசியமே இல்லை. அப்போஸ்டிலுக்கு அரசுக் கட்டணம் ஆவணம் ஒன்றுக்கு 50 ரூபாய், சாதாரண அட்டெஸ்டேஷனுக்கு அரசுக் கட்டணம் கிடையாது. ஏஜென்சியின் சேவைக் கட்டணமும் பக்கக் கணக்கில் ஸ்கேன் கட்டணமும் தனி. அதுவும் சிறிய தொகைதான். ஆயிரக்கணக்கில் போவது இடைத்தரகருக்கும் தூதரகத்துக்கும்.

அந்த டெல்லி ஏஜென்ட் சொல்வது எஸ்.டி.எம்., அதாவது கோட்ட நடுவர், வழி. டெல்லி நோட்டரி ஒருவர் கையெழுத்து, அதன்மேல் டெல்லி எஸ்.டி.எம்., அதன்மேல் அமைச்சகம். பல்கலைக்கழகத்தில் யாரும் எதையும் சரிபார்ப்பதில்லை, அதனால்தான் வேகம். பல சமயம் ஒரிஜினலில் கூட இல்லாமல் நோட்டரி போட்ட நகலில் முத்திரை வாங்கி வருவார்கள். அப்போது அந்த முத்திரை நகலை அத்தாட்சி செய்தவரின் கையெழுத்துக்குத்தான் சாட்சி, பல்கலைக்கழகப் பதிவாளருக்கு இல்லை. வளைகுடாவில் காட்டும் டிகிரிக்கு மாநிலக் கல்வித் துறை முத்திரைதான் வேண்டும் என்று கேட்கும் இடங்கள் நிறைய. தம்பி விஷயத்தில் அந்தக் குறுக்கு வழி வேண்டாம்.

---

கோரிமேடு எழுதியது:

முத்திரைத்தாள் சொன்னதற்குப் புதுச்சேரிப் பக்கத்து விவரம் சேர்க்கிறேன்.

பிறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவாகும், பெற்றோர் முகவரிக்கு சம்பந்தமில்லை. ஜிப்மர் உழவர்கரை நகராட்சி எல்லையில் வருகிறது. அக்காவின் பதிவு அங்கேதான் இருக்கும், கடலூரில் தேடினால் கிடைக்காது. கடலூர், விழுப்புரம், திண்டிவனம் ஆட்கள் வருஷம் முழுக்க இதற்காகத் தங்கள் ஊர் அலுவலகத்தில் விசாரித்துவிட்டுப் பிறகு இங்கே வருகிறார்கள். பழைய சான்றிதழில் உள்ள பதிவு எண், பதிவுத் தேதி இரண்டையும் எடுத்துப் போங்கள், தேடுவது நிமிஷ வேலை. எண் இல்லாமல் போனால் வருஷக்கணக்கில் பேரேடு புரட்ட வேண்டும்.

புதிய நகலை வாங்கியதும் கவுண்டரை விட்டு நகராமல் நான்கு இடம் பாருங்கள்: குழந்தையின் பெயர், அப்பா பெயர், அம்மா பெயர், பிறந்த தேதி. அந்தக் காலத்தில் பெயர் வைப்பதற்கு முன்பே பதிவு செய்துவிடுவார்கள், பெயர்க் கட்டம் காலியாகவே இருக்கும். அப்படி இருந்தால் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 14ஆம் பிரிவின்படி பெயர் சேர்ப்பு. அதற்குப் பதிவுத் தேதியிலிருந்து 15 வருஷ வரம்பு உண்டு, தாண்டியிருந்தால் அரசு அவ்வப்போது அறிவிக்கும் சிறப்பு அவகாசம் இருக்கிறதா என்று கேளுங்கள். எழுத்துப் பிழை என்றால் 15ஆம் பிரிவு, திருத்தம். இரண்டையும் அப்போஸ்டிலுக்கு முன்பே முடிக்க வேண்டும். ஸ்டிக்கர் ஒட்டிய பிறகு திருத்தினால் அது வேறு ஆவணம், மறுபடி எல்லாப் படியும் ஏற வேண்டும். பதிவே இல்லை என்றால் 'பதிவு கிடைக்கவில்லை' என்ற சான்று, படிவம் 10, வாங்கிக்கொண்டுதான் தாமதப் பதிவுக்குப் போக முடியும்.

நகராட்சிச் சான்றிதழுக்கு அடுத்த படி புதுச்சேரித் தலைமைச் செயலகம், கடற்கரைச் சாலையில் இருப்பதுதான். கடலூர் திருமணச் சான்றுக்கு அடுத்த படி சென்னைத் தலைமைச் செயலகம். ஒரே கவரில் இரண்டையும் போட்டு சென்னைக்கு அனுப்பினால் பிறப்புச் சான்று அப்படியே திரும்பி வரும். மாநில அளவு இரண்டும் முடிந்தபிறகு சென்னை ஏஜென்சி மையத்தில் சேர்த்துக் கொடுக்கலாம்.

பிளஸ் டூவில்தான் எல்லோரும் சறுக்குவது. புதுச்சேரி, காரைக்கால் பள்ளிகள் நெடுங்காலமாகத் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் இருந்தவை, மதிப்பெண் சான்றிதழில் கையெழுத்து சென்னை அரசுத் தேர்வுகள் இயக்ககத்துடையது. பள்ளி லாஸ்பேட்டையில் இருக்கலாம், காகிதம் தமிழ்நாட்டுக் காகிதம். உண்மைத்தன்மைச் சான்று நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் வாங்க வேண்டும், அடுத்த படியும் தமிழ்நாடுதான். மாஹே ஆட்களுக்கு கேரளா, ஏனாம் ஆட்களுக்கு ஆந்திரா. சி.பி.எஸ்.இ.யில் படித்தவர்களுக்கு இந்த அலைச்சல் இல்லை, 2017இல் தொடங்கிய ஈ-சனத் தளத்தில் ஆன்லைனிலேயே சரிபார்ப்பு நடக்கும்.

எம்.எஸ்சி. பாண்டிச்சேரி பல்கலைக்கழகம் என்றால் புதுச்சேரி உயர்கல்விப் பக்கம். பல்கலைக்கழகம் இருக்கும் காலாப்பட்டில் முதலில் சரிபார்ப்புக்குக் கொடுங்கள்.

இதைப் படிக்கும் கடலூர் கலைக் கல்லூரிக்காரர்களுக்கு ஒன்று: கல்லூரிப் பெயரைப் பார்க்காதீர்கள், டிகிரியின் தலைப்பில் உள்ள பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். பெரியார் கலைக் கல்லூரியில் வெவ்வேறு வருஷம் படித்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகம், திருவள்ளுவர், அண்ணாமலை என்று மூன்று வெவ்வேறு டிகிரி வைத்திருப்பார்கள். சரிபார்ப்புக்கு ஒருவர் சேப்பாக்கம், ஒருவர் வேலூர் பக்கம் சேர்க்காடு, ஒருவர் சிதம்பரம்.

---

கெடிலக்கரை எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. மூன்று சந்தேகம். லேமினேஷனை என்ன செய்வது? தம்பியின் டிகிரியில் பெயருக்குப் பின்னால் இனிஷியல் மட்டும்தான், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சர்நேமாக இருக்கிறது, பிரச்சினை வருமா? அக்காவுக்கு பிளஸ் டூ, எம்.எஸ்சி. இரண்டும் இப்போதே தேவையா?

---

முத்திரைத்தாள் எழுதியது:

லேமினேட் ஆனதை எந்த மேசையிலும் வாங்க மாட்டார்கள். பிளாஸ்டிக் மேல் மை பிடிக்காது, ஸ்டிக்கர் உரிந்து வரும், ஸ்டிக்கரை வேறு காகிதத்துக்கு மாற்றிவிடலாம் என்ற பயமும் உண்டு. பைக்குள் சொருகியதுபோல் விளிம்பில் மட்டும் ஒட்டியது என்றால் ஓரத்தை வெட்டி எடுக்கலாம். சூட்டில் முழுப் பரப்பும் ஒட்டியது என்றால் வீட்டில் இஸ்திரிப் பெட்டி, ஹேர் டிரையர் என்று ஆரம்பிக்காதீர்கள். பிளாஸ்டிக்கோடு பல்கலைக்கழக முத்திரையின் மையும் கையெழுத்தும் கிளம்பி வந்துவிடும், அதன்பின் அது சிதைந்த ஆவணம். அண்ணா பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் நகல் டிகிரிக்கு விண்ணப்பிப்பதே நல்லது. நாள் ஆகும் என்பதால் இதை இன்றே தொடங்குங்கள்.

கூடவே பார்க்க வேண்டியது, தம்பி கையில் இருப்பது பட்டமளிப்பு டிகிரியா, புரொவிஷனல் என்ற தற்காலிகச் சான்றா என்று. புரொவிஷனலை வைத்து தூதரகம் வரை போக முடியாது. எல்லா செமஸ்டர் மதிப்பெண் பட்டியலும் நகலோடு தயாராக இருக்கட்டும். துபாய் கம்பெனி டிகிரியை மட்டும் கேட்டாலும், உண்மைத்தன்மை பார்க்கும் இடத்தில் இவற்றைக் கேட்பார்கள். வரிசை இப்படி: பல்கலைக்கழக உண்மைத்தன்மைச் சான்று, சென்னை உயர்கல்வித் துறை, ஏஜென்சி வழியாக வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம். ஏஜென்ட்கள் 'ஹெச்.ஆர்.டி.' என்று சொல்வது இரண்டாவது படியைத்தான். காலம் பிடிப்பது முதல் படி. மற்றவை அதன் பின்னால் சரசரவென்று நகரும்.

அக்காவைப் பொறுத்தவரை குடும்ப விசாவுக்குப் பிறப்பும் திருமணமும்தான் முக்கியம். பிளஸ் டூவை விடுங்கள். எம்.எஸ்சி.யை மட்டும் கையோடு முடித்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து, ஏனென்றால் பிரான்சில் உள்ள இந்தியத் தூதரகம் இந்தியச் சான்றிதழுக்கு அப்போஸ்டில் போடாது. பிறகு தேவைப்பட்டால் ஒரிஜினலைத் தபாலில் ஊருக்கு அனுப்பி யாராவது அலைய வேண்டும்.

---

பத்திரப்பிரிவு எழுதியது:

பெயர் விஷயம். தமிழ்நாட்டு ஆட்களின் நித்திய தலைவலி இது, ஆனால் பாதி பயம் தேவையில்லாதது. டிகிரியில் 'கார்த்திக் ஆர்', பாஸ்போர்ட்டில் கார்த்திக், சர்நேம் ராமலிங்கம் என்று இருந்தால், பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பா பெயரும் ராமலிங்கம் என்று இருக்கும், ஆர் எங்கிருந்து வந்தது என்பது விளங்கிவிடும். அந்தப் பக்க நகலை எப்போதும் சேர்த்து வையுங்கள். கம்பெனி மேலும் கேட்டால் இரண்டு பெயரும் ஒருவரே என்ற அஃபிடவிட் நோட்டரியிடம் எடுக்கலாம். வெறும் நோட்டரி கையெழுத்தோடு அமைச்சகம் அதை ஏற்காது, மாநில அரசு முத்திரை நடுவில் வேண்டும்.

உண்மையான சிக்கல் எழுத்துக்கூட்டல் மாறும்போது. டிகிரியில் ஒரு ஸ்பெல்லிங், பாஸ்போர்ட்டில் வேறு ஸ்பெல்லிங் என்றால் அஃபிடவிட்டை நம்பி வளைகுடா கிளம்பாதீர்கள், எது தவறோ அதை மூலத்திலேயே திருத்துங்கள். கெசட்டில் பெயர் மாற்றம் போடுவது பெயரை மாற்றுபவர்களுக்கு. ஒரு எழுத்துப் பிழைக்கு அதைச் செய்தால் இனி ஒவ்வொரு இடத்திலும் கெசட்டையும் காட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

திருமணச் சான்று: கோயில் ரசீது, சர்ச் சான்று எதுவும் இதற்கு உதவாது, சார்பதிவாளர் கொடுத்ததுதான். சான்றளிக்கப்பட்ட நகலுக்கு பதிவுத் துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் விண்ணப்பிக்கலாம். பழைய சான்று முழுக்கத் தமிழில் இருந்தாலும் அப்போஸ்டில் போடத் தடை இல்லை. அக்காவின் பெயர் பாஸ்போர்ட்டில் கணவர் பெயரோடு இருக்கிறதா, அப்பா பெயரோடு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். திருமணச் சான்றில் திருமணத்துக்கு முந்தைய பெயர்தான் இருக்கும், அது சரிதான், யாரும் மாற்றச் சொல்லி அலைய வேண்டாம்.

---

மணவெளி எழுதியது:

பிரான்சுக்கு ஒரு வரிசை உண்டு, மாறினால் காசு இரட்டிப்பு. முதலில் அப்போஸ்டில், பிறகுதான் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு. ஸ்டிக்கரில் உள்ள கையெழுத்திட்டவர் பெயர், பதவி, எண் எல்லாமும் மொழிபெயர்ப்பில் வர வேண்டும். முன்னதாகவே மொழிபெயர்த்து வைத்தவர்கள் மறுபடி செய்ய வேண்டிவரும். பிரான்சில் மேல்முறையீட்டு நீதிமன்றப் பட்டியலில் உள்ள சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் செய்தது என்றால் அங்குள்ள எந்த அலுவலகத்திலும் பிரச்சினை இல்லை. புதுச்சேரியிலேயே செய்வதென்றால் யாருடைய மொழிபெயர்ப்பை ஏற்பார்கள் என்று பிரெஞ்சு துணைத் தூதரகத்தில் முன்கூட்டியே கேளுங்கள். தமிழிலிருந்து நேராகப் பிரெஞ்சுக்குச் செய்பவர்கள் இந்த ஊரில் உண்டு, நடுவில் ஆங்கிலம் வேண்டியதில்லை. பெயர் ஸ்பெல்லிங்கை மட்டும் பாஸ்போர்ட்டைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். பழைய பழக்கத்தில் பிரெஞ்சு உச்சரிப்புக்கு ஏற்றபடி எழுதிவிடுவார்கள், புதுச்சேரிப் பெயர்கள் பலவும் அப்படித்தான் வாலில் ஒரு எழுத்தைக் கூடுதலாகச் சுமந்து திரிகின்றன.

பிறப்புச் சான்று விசாவோடு முடிவதில்லை. போய்ச் சேர்ந்ததும் சமூகக் காப்பீட்டு எண் வாங்க அதையே கேட்பார்கள், அப்பா அம்மா பெயர் இரண்டும் இருக்க வேண்டும். ஒரிஜினலைக் கொடுத்துவிடாமல் நகலாகக் கொடுங்கள். மாட்டியிருக்கும் ஸ்டேப்ளரைக் கழற்றவும் வேண்டாம், முன் பக்கமும் பின் பக்கமும் கலரில் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

---

நெய்வேலி_பிளாக் எழுதியது:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். ஜெர்மனியில் மாஸ்டர்ஸ், ஏஜென்ட் அப்போஸ்டில் கட்டாயம் என்கிறார். சவுதிக்குப் போகும் மாமாவுக்கு அதே ஆள் தூதரக முத்திரை என்கிறார். இரண்டும் சரியா?

---

முத்திரைத்தாள் எழுதியது:

இரண்டும் தலைகீழ். இந்தியா ஒப்பந்தத்தில் சேர்ந்ததற்கு ஜெர்மனி ஆட்சேபம் தெரிவித்தது, அதனால் இரு நாடுகளுக்கும் இடையே அப்போஸ்டில் செல்லாது. மாணவர் விசாவுக்கு 2022 நவம்பர் 1 முதல் ஏ.பி.எஸ். என்ற ஜெர்மன் கல்விச் சரிபார்ப்பு மையத்தின் சான்றிதழ் கட்டாயம், கட்டணம் 18,000 ரூபாய். பணத்தை அங்கே போடுங்கள். சவுதியில் 2022 டிசம்பர் 7 முதல் அப்போஸ்டில் நடைமுறைக்கு வந்துவிட்டது. கம்பெனியின் பழைய பட்டியலில் 'தூதரக அட்டெஸ்டேஷன்' என்றே இருக்கலாம், ஹெச்.ஆரிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள். ஓமன், பஹ்ரைனும் அப்போஸ்டில் நாடுகள். குவைத், கத்தார் அமீரகத்தைப் போல தூதரக வழி. கனடா 2024 ஜனவரி 11 முதல் உள்ளே வந்திருக்கிறது.

எல்லா நாட்டுக்கும் பொதுவாக ஒன்று: போலீஸ் கிளியரன்ஸ் பாஸ்போர்ட் அலுவலகம் தருவது, அது வெளியுறவு அமைச்சகத்தின் கீழேயே இருக்கிறது. அதற்கு மாநில அரசு முத்திரை தேவையில்லை, நேராக ஏஜென்சி மையத்துக்குப் போகலாம். ஆனால் அதை எல்லாவற்றுக்கும் கடைசியில் எடுங்கள். அப்போஸ்டிலுக்குக் காலாவதி கிடையாது, கிளியரன்ஸ் மூன்று அல்லது ஆறு மாதத்துக்கு மேல் பழசாக இருந்தால் போகும் நாடு ஏற்காது.

---

பாகூர்_ஏரி எழுதியது:

எதிர்த் திசையில் ஒரு கேள்வி. பிரான்சில் இருக்கும் சித்தப்பா இங்குள்ள மனையை விற்க எங்களுக்குப் பவர் பத்திரம் அனுப்ப வேண்டும். அங்கே அப்போஸ்டில் போட்டு அனுப்பினால் போதுமா?

---

பத்திரப்பிரிவு எழுதியது:

அண்ணே, பத்திரம் பதிவு செய்யும் அதிகாரம் கொடுக்கும் பவர் என்றால் பதிவுச் சட்டம் 33ஆம் பிரிவு பொருந்தும். வெளிநாட்டில் எழுதுவதை நோட்டரி, நீதிபதி, இந்தியத் தூதரக அதிகாரி போன்றவர் முன்னிலையில் கையெழுத்திட்டு, அவர் அதற்குச் சான்று எழுதியிருக்க வேண்டும். சித்தப்பா வீட்டு மேசையில் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் ஆகாது. பிரெஞ்சு நோத்தேர், அதாவது அங்குள்ள நோட்டரி, முன்னால் போட்டால் அதன்மேல் அப்போஸ்டில். 2025 மே 1 முதல் அங்கே அப்போஸ்டில் வேலையும் நீதிமன்றத்திடமிருந்து நோத்தேர் அமைப்புக்கே மாறிவிட்டது. இந்தியத் தூதரகத்தில் போட்டால் அப்போஸ்டில் வேண்டாம். தங்களுக்குப் பழக்கம் என்பதால் சில சார்பதிவாளர்கள் தூதரகத்தில் போட்ட பவரையே கேட்பார்கள், எனவே வரைவை முதலில் மனை இருக்கும் எல்லைக்குரிய சார்பதிவாளரிடம் காட்டுங்கள். ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள், பிரெஞ்சில் எழுதி வந்தால் மொழிபெயர்ப்பு வேறு.

பத்திரம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும், இந்திய முத்திரைச் சட்டம் 18ஆம் பிரிவு. கூரியர் கவரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், வந்த தேதிக்கு அதுதான் ஆதாரம். மனை விவரத்தில் சர்வே எண், பரப்பு, நான்கெல்லை மூன்றும் வரைவிலேயே இருக்கட்டும். 'என் எல்லாச் சொத்துகளும்' என்று பொதுவாக எழுதி வந்த பவரை வைத்து விற்பனை எழுத முயன்றால் பதிவின்போது கேள்வி வரும்.

---

கெடிலக்கரை எழுதியது:

தம்பிக்கு நகல் டிகிரிக்கு விண்ணப்பிக்கிறோம். அக்காவுக்கு உழவர்கரையில் புதுப் பிறப்புச் சான்று எடுக்கப் போகிறேன். கடைசியாக ஒன்று: ஒட்டி வரும் ஸ்டிக்கர் அசலா என்று எப்படிப் பார்ப்பது?

---

முத்திரைத்தாள் எழுதியது:

ஒப்பந்தத்தின் இணைப்பிலேயே அதற்கு வடிவம் இருக்கிறது. பக்கம் 9 சென்டிமீட்டருக்குக் குறையாத சதுரம், மேலே பிரெஞ்சு மொழியில் தலைப்பு, கீழே எண்ணிட்ட பத்து வரிகள். இரண்டாவது வரியில் கையெழுத்திட்டவர், மூன்றாவதில் அவர் பதவி. அந்த இரண்டும் உங்கள் ஆவணத்தில் கடைசியாக முத்திரை போட்ட அதிகாரியோடு பொருந்த வேண்டும். அக்காவின் பிறப்புச் சான்றில் டெல்லி அதிகாரி பெயர் வந்தால் கோப்பு வேறு வழியில் போயிருக்கிறது என்று அர்த்தம். எட்டாவது வரியில் உள்ள எண்ணை அமைச்சகத்தின் தளத்தில் போட்டுப் பாருங்கள், பதிவு வர வேண்டும். ஒரிஜினலை இடைத்தரகரிடம் கொடுத்தால் ஒவ்வொரு தாளின் எண்ணையும் எழுதிக் கையெழுத்து வாங்காமல் கொடுக்காதீர்கள். கைக்கு வந்ததும் அடுத்த கடையில் போய் மறுபடி லேமினேட் செய்துவிட வேண்டாம், தம்பியிடம் குறிப்பாகச் சொல்லுங்கள்.